வெளிப்பக்கம் திறந்த கதவு

மதினி,

இன்று காலையில் கதவுக்குச் சாயம் அடித்தேன். அதே பச்சை. டப்பா மூடியைக் கரண்டியால் நெம்பியதும் அந்த வாடை மூக்கில் ஏறியது. நீங்கள் பின்னால் நின்றுகொண்டு, "மேல இருந்து கீள இழு மாரி, சொட்டு விட்டா பாக்க அசிங்கமா இருக்கும்" என்று சொல்வதுபோலவே இருந்தது. பிரஷ்ஷைத் தரையில் எறிந்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். அடக்கமான அழுகை என்று நினைத்துவிடாதீர்கள். நெஞ்சில் அடித்துக்கொண்டு, உங்கள் புருஷனுடைய ஏழு தலைமுறையையும் நாறத் திட்டிக்கொண்டு அழுதேன். அவனுடைய ஏழு தலைமுறையும் என்னுடைய ஏழு தலைமுறைதான் என்பது பிறகுதான் உறைத்தது. கூடப் பிறந்த பாவம், வேறென்ன?

கதவின் அடிப்பக்கம் பழைய தழும்புகள் அப்படியே இருக்கின்றன. எத்தனை தடவை சாயம் பூசினாலும் மறைய மாட்டேன் என்கின்றன. அவற்றுக்கு மேலே இப்போது புதிதாகச் சில பள்ளங்கள் விழுந்திருக்கின்றன. அவை எப்படி விழுந்தன என்று கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் மீதியை எழுதக் கை ஓடாது.

அவனை நான் அண்ணன் என்று கூப்பிட்டுப் பல வருஷம் ஆகிறது. அப்போது கூப்பிட்டேன். அச்சங்குளத்தில் உங்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். நீங்கள் அடி வாங்குகிற சத்தம் எனக்கும், நான் பல்லைக் கடிக்கிற சத்தம் உங்களுக்கும் கேட்கிற சுவர். சனிக்கிழமை சம்பளம் போடுவார்கள். நீங்களும் நானும் பயராபீசில் ஒரே பட்டாசு அறையில் உட்கார்ந்து வெடிக்குத் திரி சொருகினோம்; அதே கம்பெனியில் அவன் லாரிக்கு லோடு ஏற்றினான். உங்கள் சம்பளம் எவ்வளவு என்று கணக்கப்பிள்ளையிடம் கேட்டுவிட்டுத்தான் கடைக்குப் போய்க் குடிப்பான். குடித்துவிட்டு வந்து கதவை உதைப்பான். கதவு என்றால் என்ன கதவு? நாலு பலகையைச் சேர்த்து ஆணி அடித்தது. உள்ளே தாழ்ப்பாள்கூடக் கிடையாது.

ஒரு சனிக்கிழமை உங்களை முடியைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்து, அடிபம்பின் இரும்பில் உங்கள் முகத்தை மோதினான். நான் விறகுக் கட்டையை எடுத்துக்கொண்டு பாய்ந்து அவன் முதுகில் போட்டேன். திரும்பி என் வாயில் ஒரு குத்து விட்டான். முன்பல் ஒன்று மண்ணில் விழுந்தது. அவன் போன பிறகு, உதடு கிழிந்து தொங்க நீங்கள் அந்தப் பல்லைத் தேடி எடுத்துக் கழுவி என் கையில் வைத்தீர்கள்.

"அண்ணன் சீரு, பத்திரமா வச்சுக்கோ மாரி."

ரத்தத்தைத் துப்பிக்கொண்டே இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் நான் கத்தினேன். "ஒரு தாப்பாளாச்சும் போடுங்களேன் மதினி! தொறந்த வீட்டுக்குள்ள நாய் நுளையுற மாதிரி நுளையுறான்!"

"கதவ அடைச்சா எனக்கு மூச்சு முட்டும்த்தா" என்றீர்கள்.

அது பொய்யில்லை. எனக்கும் அப்படித்தான். வெடிமருந்து இருக்கிற அறையில் உட்காருகிறவளுக்கு மூடிய கதவு என்றால் சாவு. நம் அறைக்கு நாலு பக்கமும் கதவு, நாலும் வெளிப்பக்கம் திறக்கும், வேலை நேரத்தில் ஒன்றையும் சாத்தக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே போர்மேன் நம் காதில் ஏற்றியது ஒன்றே ஒன்றுதான்: "சத்தம் கேட்டா யோசிக்கக் கூடாது. தள்ளு, ஓடு. யோசிச்சவ செத்தா." பக்கத்து அறை வெடித்த அன்று நாம் ஓடியதே நமக்குத் தெரியாது. கண்ணைத் திறந்தபோது கருவேல முள்ளுக்குள் கிடந்தோம். நமக்கு முன்னால் தகரக் கூரை ஒன்று எரிந்துகொண்டே வானத்திலிருந்து இறங்கியது. அந்த அறையில் இருந்தவர்களை அன்று சாக்கில்தான் அள்ளினார்கள். கால்கள் நம்மைக் கேட்காமல் ஓடியதால்தான் நாம் பிழைத்தோம்.

அதற்குப் பிறகு உங்களுக்கு எந்தச் சத்தமும் ஆகாமல் போனது. அந்தக் குக்கர் கதையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நகைக்கடையில் ஓசியில் வந்த முதல் குக்கரை ஆசை ஆசையாக அடுப்பில் ஏற்றினீர்கள். விசில் அடித்ததுதான் தாமதம், கரண்டியோடு தெருவில் நின்றீர்கள். "சோறு கொளையட்டும், தீயட்டும். அது வாய மூடுற வரைக்கும் நான் உள்ள வரமாட்டேன்." அன்றோடு குக்கரைக் கழுவித் துடைத்து அட்டைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தீர்கள். மறுவாரமே விற்றும் விட்டீர்கள். உங்கள் வியாபாரம் அப்படித்தான் ஆரம்பித்தது.

அவனுக்குத் தெரியாத காசு வேண்டும் என்றீர்கள். சம்பளமாக வராத காசு, கணக்கப்பிள்ளை வாயில் வராத காசு. செல்போனில் இன்கமிங் இலவசமான வருஷம் அது. சாத்தூர், சிவகாசி, விருதுநகர் என்று எங்கே போனாலும் 'சேருங்கள், இன்றே பரிசு' என்று கடை வாசலில் துணி கட்டியிருந்தார்கள். மாதச் சீட்டுச் சேர்ந்தால் குக்கர். பத்திரிகைக்குச் சந்தா கட்டினால் பக்கெட். புது சிம் கார்டு வாங்கினால் ஓசியில் பேச்சு. ஊர்ச் சனம் அந்தத் துணியைப் பஸ்ஸில் இருந்தபடியே படித்துவிட்டுப் போனது. நீங்கள் இறங்கினீர்கள்.

மகள் காதுக்கு, கழுத்துக்கு என்று எப்படியும் சீட்டுச் சேரப் போகிற பொம்பளைகளை நீங்களே கடைக்குக் கூட்டிப் போனீர்கள். சீட்டு ஃபாரம் நிரப்பிக் கொடுப்பது, கடைக்காரனிடம் பேசுவது எல்லாம் உங்கள் பொறுப்பு. "சீட்டு ஒனக்கு, சில்வர் எனக்கு" என்று முதலிலேயே பேசிவிடுவீர்கள். அவர்களுக்கும் சந்தோஷம்தான், தனியாக அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போக அவர்களுக்குக் கூச்சம். கிடைத்த குக்கரையும் ஹாட்பாக்ஸையும் பெட்டி பிரிக்காமல் என் வீட்டுப் பரணில் அடுக்கினோம். காதுகுத்து, சடங்கு, பால்காய்ப்பு என்று யார் வீட்டில் விசேஷம் வந்தாலும், செய்முறை செய்கிறவர்கள் கடைக்குப் போகாமல் நம்மிடம்தான் வந்தார்கள்.

ஒரு தடவை அந்தக் கடைப் பையன், "குக்கர் தீந்துபோச்சுக்கா, டிபன் பாக்ஸ் வாங்கிக்கோங்க" என்றான். நீங்கள் நாற்காலியை இழுத்துப்போட்டு நடுக்கடையில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

"அப்ப வெளிய கட்டியிருக்க துணிய அவுத்துக் குடுங்க. அதுல குக்கர் படம் போட்டிருக்கு. படத்தயாச்சும் எடுத்துட்டுப் போறேன்."

முதலாளி பதறிப்போய்க் குடோனிலிருந்து குக்கர் எடுத்து வரச் சொன்னார். கல்யாணப் பார்ட்டி ஒன்று நகை பார்த்துக்கொண்டிருந்தது. அந்த மனுஷனுக்கு வேறு வழியில்லை.

சிம் கார்டு கூத்து தனி. உங்கள் ரேஷன் கார்டு நகல் போகாத கடை இந்த ஜில்லாவில் இல்லை. என்னுடைய பழைய போனில் அந்த ஓசிச் சிம்மைப் போட்டுவைப்பீர்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் மகன் இருக்கிற தாய்மார் வந்து, டெலிபோன் பூத்தில் கொடுப்பதில் பாதி கொடுத்துப் பேசுவார்கள். பூத்துக்காரர் சண்டைக்கே வந்துவிட்டார். "எம் பொளப்புல மண்ணள்ளிப் போடுறீகளே, இது நாயமா?" என்றார். "நீங்களும் ஒரு சிம்மு வாங்குங்க அண்ணாச்சி, நான் கூட வாரேன்" என்றீர்கள். அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

பெரிய காசு மட்டும் உங்கள் தகப்பனாரின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. அவர் சிவகாசியில் லித்தோ அச்சகத்தில் வேலை பார்த்தவர். மீந்த தாளையெல்லாம் கொண்டு வந்து, துரு பிடிக்காமல் இருக்கட்டும் என்று பெட்டியின் உள்பக்கம் ஒட்டிவைத்திருந்தார். எல்லாம் அந்தக் காலத்துத் தீப்பெட்டி லேபிள், வெடி லேபிள். கிளி, ரயில், விமானம், மீசைக்காரப் பயில்வான். ஒன்றின்மேல் ஒன்றாக எத்தனையோ அடுக்கு. இட்லிக் கொப்பரையின் ஆவியில் பெட்டியைக் காட்டிக் காட்டி, நகத்தால் ஒவ்வொன்றாக உரித்தீர்கள். அதையெல்லாம் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிற மதுரைக்காரர் ஒருவர் சிவகாசி பஸ் ஸ்டாண்டு லாட்ஜில் வந்து தங்குவார். நாம் இருவரும் போனோம்.

அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, உதட்டைப் பிதுக்கினார். "இதெல்லாம் கிளிஞ்ச தாளும்மா. பளைய பேப்பர் வெலைக்கு வேணா எடுத்துக்கிறேன்."

நீங்கள் அவர் மேசையிலிருந்த தீப்பெட்டியை எடுத்து ஒரு குச்சியைக் கிழித்து, பயில்வான் லேபிளை அதற்கு மேலே பிடித்தீர்கள்.

"கிளிஞ்ச தாள்தான? கொளுத்திருவோம். சுமந்துட்டுப் போற வேலை மிச்சம்."

"ஐயோ! ஏம்மா! ஒனக்குப் பைத்தியமா?" என்று மனுஷன் பாய்ந்து உங்கள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த கையை நான் முறுக்கினேன். லாட்ஜ்காரர் ஓடி வந்தார். கடைசியில் நீங்கள் கேட்ட விலைக்கு ஒரு பைசா குறையாமல் கொடுத்தார். பயில்வானுடைய ஒரு காது மட்டும் லேசாகக் கருகியிருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் காசை முந்தானையில் இறுக்கி முடிந்துகொண்டீர்கள். "நெசமாவே கொளுத்தியிருப்பீகளா மதினி?" என்றேன். "கதவு மாரி, கதவு" என்றீர்கள். "அந்தக் காசுலதான் கதவு வரணும். அவரு தரலைன்னா நான் அங்கனயே எரிச்சிட்டு அங்கனயே செத்திருப்பேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சேலை துணிமணிக்கு, நகைக்கு, ஊர் விட்டு ஊர் போக என்று நான் என்னென்னவோ நினைத்திருந்தேன். நீங்கள் ஒரு இரும்புக் கதவுக்காக அத்தனை கடை ஏறி இறங்கியிருக்கிறீர்கள். தாழ்ப்பாள் வைத்த கதவு. அடைத்தால் மூச்சு முட்டும் என்ற பொம்பளை, மூச்சு முட்டினாலும் பரவாயில்லை என்று முடிவு செய்திருக்கிறீர்கள்.

சாத்தூர் வெல்டிங் பட்டறைக்காரர் அளவைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "லாக்கப்புக்கு மாதிரில்ல கேக்கீக? யார உள்ள போட?"

"நான் உள்ள இருக்க. அவரு வெளிய இருக்க."

மனுஷன் சிரிப்பை நிறுத்திவிட்டார். பிறகு ஒன்று சொன்னார்: "வெளிப்பக்கம் தெறக்குற மாதிரி சொல்றீக. வீட்டுக்கு உள்பக்கம்தான் தெறக்கணும்."

"இல்லண்ணே, வெளிப்பக்கம்தான். தள்ளுனா தெறக்கணும்."

எனக்கும் அது தப்பாகப் படவில்லை. நாம் பார்த்த கதவெல்லாம் அப்படித்தான் திறந்தது. பயராபீசில் வேலை பார்க்காத யாராவது நம்மோடு வந்திருந்தால், எதற்கு அப்படி என்று இன்னொரு தடவை கேட்டிருப்பார்கள்.

கதவு மாட்டிய அன்று இருக்கன்குடி கோவிலில் வைத்துக் கும்பிட்ட எலுமிச்சம்பழத்தைத் தாழ்ப்பாளில் கட்டினீர்கள். அவன் கேட்டதற்கு, கம்பெனியில் கடன் போட்டு மாட்டியதாகச் சொன்னீர்கள். முதல் சனிக்கிழமை வந்தான், உதைத்தான். உதைத்த கால் வீங்கிப்போய் ஒற்றைக் காலில் குதித்தான். தெரு முழுக்கச் சிரித்தது. "மச்சான், கொலவை போடவா?" என்று எதிர் வீட்டுக்காரர் கேட்டார். உள்ளே இருந்து நீங்கள் சிரித்த சிரிப்பு நம் நடுச்சுவர் வழியாக எனக்குக் கேட்டது. உங்களுக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து உங்கள் வீட்டிலிருந்து அப்படி ஒரு சத்தம் நான் கேட்டதே இல்லை. நானும் சுவரில் தட்டிச் சிரித்தேன். அந்த ஒரு சாயங்காலம் உங்களுக்குக் கிடைத்தது மதினி. அதை நினைத்துத்தான் என் மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். கோவில் கொடை ஆர்டருக்குப் போகிற லோடிலிருந்து பெரிய வானவெடிக் குண்டு இரண்டைத் திருடி வேட்டியில் முடிந்துகொண்டு வந்திருக்கிறான் படுபாவி. கதவைப் பெயர்த்து, சிரித்த தெருவுக்குக் காட்ட வேண்டும் அவனுக்கு. கதவடியில் வைத்து இரண்டு திரியையும் கொளுத்திவிட்டுத் தள்ளி நின்றான்.

ஒன்று வெடித்தது. அடுத்த மூச்சில் நான் தெருவில் நின்றேன். எப்படி வந்தேன் என்று தெரியாது. புகைக்குள் உங்கள் கதவைப் பார்த்தேன். பள்ளம் விழுந்திருந்தது, கருகியிருந்தது, ஆனால் அசையாமல் நின்றது. எலுமிச்சம்பழம் கட்டியது வீண் போகவில்லை என்று நினைத்தேன். அது ஒரு நொடிதான்.

கதவு வெளிப்பக்கம் திறந்தது. நீங்கள் தள்ளிக்கொண்டு ஓடி வந்தீர்கள். உங்களுக்குப் பயம்கூட இல்லை, முகத்தில் ஒன்றுமே இல்லை. கால்கள்தான் வந்தன. கருவேல முள்ளுக்குள் நம்மைக் கொண்டுபோய்ப் போட்ட அதே கால்கள். "வராதீக!" என்று நான் கத்தினேன். உங்கள் காலடியில் இரண்டாவது குண்டு வெடித்தது.

ஈரச் சாக்கைப் போர்த்தி உங்களை மடியில் போட்டுக்கொண்டேன். இடுப்புக்குக் கீழே பார்க்கவே இல்லை நான், பார்த்திருந்தால் அங்கேயே போயிருப்பேன். உங்கள் கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்துக் கேட்டீர்கள்:

"எந்த ரூமு மாரி? எல்லாரும் வெளிய வந்துட்டாகளா?"

"வந்துட்டாக மதினி. எல்லாரும் வந்துட்டாக" என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், வேனிலேயே நீங்கள் போய்விட்டீர்கள்.

உங்களை வேனில் ஏற்றுவதற்கு முன்னால் நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். ஓடப் பார்த்தவனைக் கண்மாய்க் கரையில் மடக்கி, கருங்கல்லால் அவன் மண்டையில் போட்டேன். விழுந்தவன் மேல் ஏறி உட்கார்ந்து இன்னொரு தடவை ஓங்கினேன். நாலு ஆம்பளைகள் என்னைப் பிய்த்து எடுத்தார்கள். பிய்த்து எடுத்தவர்கள்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

சொந்தக்காரர்கள் சாட்சி சொல்லக் கூடாது என்றார்கள். "அவ போய்ச் சேந்துட்டா. அவனாச்சும் மிஞ்சட்டும். கூடப்பொறந்தவன் இல்லையா?" என்று பெரியப்பா வந்து உட்கார்ந்தார். அவர் குடித்த காப்பி டம்ளரைப் பிடுங்கித் தெருவில் எறிந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நின்று, பார்த்தது பார்த்தபடி சொன்னேன். அவனை உள்ளே போட்டார்கள்.

கதவை நான் கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன். அதே பட்டறைக்காரரைக் கூப்பிட்டு என் வாசலில் மாட்டச் சொன்னேன். ஒரே ஒரு மாற்றம். "உள்பக்கம் இழுத்தாத்தான் தெறக்கணும். தள்ளுனா அசையக் கூடாது" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார், கூலி வாங்காமல் மாட்டிக் கொடுத்தார். நானும் பயராபீசை விட்டுவிட்டேன். இப்போது விருதுநகர், காரியாபட்டி வரைக்கும் போய், பொம்பளைகளைச் சீட்டுச் சேர்த்துவிடுகிறேன். சீட்டு அவர்களுக்கு, சில்வர் எனக்கு. கருகிய காதுள்ள அந்தப் பயில்வானுக்கு ஜோடி ஒன்று பெட்டியின் அடியில் மீந்திருந்தது. அதை மட்டும் விற்கவில்லை. மதுரைக்காரர் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

நேற்று அவன் வந்தான். வெளியே விட்டுவிட்டார்களாம். சாயங்காலம், விளக்கு வைக்கிற அதே நேரம். முதலில் மெதுவாகத்தான் தட்டினான்.

"மாரி, நான்தாம்மா. கதவத் தொற."

தாழ்ப்பாள் விழுந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"எல்லாத்தையும் மறந்துரு. எனக்கு ஒன்ன விட்டா யாரு இருக்கா? கூடப்பொறந்தவன வெளிய நிப்பாட்டுவியா?"

சாராய வாடை கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது. கெஞ்சல் கொஞ்ச நேரத்தில் வசவாக மாறியது. பிறகு கல்லை எடுத்தான். முதல் அடி இரும்பில் விழுந்த சத்தம் வீடு முழுக்க அதிர்ந்தது மதினி. அந்தச் சத்தத்தில் எனக்கு எல்லாம் மறந்துபோனது. யோசிக்கவில்லை. என் கை தாழ்ப்பாளை நீக்கிவிட்டது. நெஞ்சு கதவில் மோதியது. முழுப் பலத்தோடு தள்ளினேன்.

கதவு அசையவில்லை. இழுத்தால்தான் திறக்கும்.

அந்தக் கொஞ்ச நேரம் எனக்குக் கிடைத்தது. உங்களுக்குக் கிடைக்காதது. நெற்றியை இரும்பில் வைத்து, அவன் பக்கமிருந்து திறந்துவிடாமல் உடம்பு முழுக்கக் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் அவன் கல்லால் அடித்துக்கொண்டே இருந்தான், ஒவ்வொரு அடியும் என் பல்லில் இறங்கியது. கால் இன்னும் ஓடப் பார்த்தது. அதைத் தரையில் ஊன்றி நிறுத்தினேன். பிறகு அவனுக்குக் கேட்கிறமாதிரி சொன்னேன்.

"நான் உள்ள இருக்கேன். நீ வெளிய இரு."

சொல்லிவிட்டுத் தாழ்ப்பாளைப் போட்டேன் மதினி. சத்தம் வரப் போட்டேன்.